பிளேட் எங்கே இருக்கிறது?

போன மாதம் வேறொரு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் போன் செய்தார். "எங்க லேபுக்கு ரோபோ வாங்கப் போறோம். நீங்க ஏற்கெனவே வாங்கியிருக்கீங்க. எது நல்லது? பேரை மட்டும் சொன்னா போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் பெயரைச் சொல்லாமல் ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது, குரலிலேயே தெரிந்தது. போனை வைத்த பிறகு எனக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் நானும் இதே கேள்வியோடுதான் ஆள் ஆளாகப் போய் நின்றேன். யாராவது ஒரு மணி நேரம் பேசியிருந்தால் எனக்கும் சலித்திருக்கும். ஆனாலும் அன்று அவரிடம் சரியாகச் சொல்லவில்லை என்ற உறுத்தல் போகவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிளேட் அல்லது மைக்ரோபிளேட் என்பது சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக உள்ள பிளாஸ்டிக் தட்டு; சோதனைத் திரவங்கள் அந்தக் குழிகளில்தான் இருக்கும். அதைக் கருவிக்குக் கருவி கொண்டுபோகும் ரோபோக் கை ஒன்றைத்தான் நாங்கள் தேடினோம். எங்கள் தேர்வு ஒரு பட்டியலில் தொடங்கியது. பதினாலு பத்தி, ஆறு ரோபோ. ஒவ்வொரு பத்திக்கும் மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஓர் எடை. எடை அதிகம் பெற்றது ரிப்பீட்டபிளிட்டி, அதாவது கற்றுக்கொடுத்த ஒரு புள்ளிக்குத் திரும்பத் திரும்பப் போகும்போது கை எவ்வளவு விலகுகிறது என்ற அளவு. ஒருவர் 0.02 மி.மீ. என்று போட்டிருந்தார், இன்னொருவர் 0.05, மூன்றாமவர் 0.1. இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு வாரம் சண்டை போட்டோம். 0.02 உள்ளதை விட்டுவிட்டு 0.1 உள்ளதை எப்படி வாங்குவது, நாளைக்குக் கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது என்றெல்லாம் பேச்சு.

அந்தச் சண்டை நடுவில் எங்களில் ஒருவராவது பிளேட்டின் அளவைப் பார்த்திருக்கலாம். மைக்ரோபிளேட்டின் அடிப்பாகம் 127.76 மி.மீ. நீளம், 85.48 மி.மீ. அகலம் இருக்க வேண்டும் என்று ஆன்சி/ஸ்லாஸ் என்ற ஆய்வகக் கருவித் தரம் சொல்கிறது. 2004-இல் வந்த தரம், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பின்பற்றுவது. அதே தரம் மூலைப் பக்கத்தில் கால் மி.மீ. கூடலாம் குறையலாம் என்றும், பக்கத்தின் நடுவில் அரை மி.மீ. வரை போகலாம் என்றும் அனுமதிக்கிறது. அதாவது, கை தூக்கப்போகும் பொருளே கால் மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம். நாங்களோ அதைத் தூக்கும் கையில் நூறில் எட்டுப் பங்கு மி.மீ. வித்தியாசத்துக்கு அடித்துக்கொண்டிருந்தோம். மூன்று பேர் கையும் அந்த வேலைக்குத் தேவையானதைவிட நன்றாகவே இருந்தது. அந்தப் பத்தியையே அழித்திருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. ரிப்பீட்டபிளிட்டி வேறு, அக்யூரசி வேறு. ரோபோக் கைகளைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 9283 தரம் இரண்டையும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறது. முன்னது, கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டிய இடத்துக்கே திரும்பி வருவது. பின்னது, வெறும் எண்ணாக ஓர் இடத்தைச் சொன்னால் அங்கே போய்ச் சேருவது. மேசையில் கருவிகளைத் திருகி இறுக்கிவிட்டு ஒவ்வொரு நெஸ்டையும் (பிளேட் உட்காரும் இடம்) கையால் கற்றுக்கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு முன்னது போதும். ரோபோவே சக்கரத்தில் நகர்ந்து போகிறது என்றால் கதை மாறிவிடும். ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும் இடம் கொஞ்சம் தள்ளியிருக்கும், கற்றுக்கொடுத்த புள்ளிகள் எல்லாம் செல்லாமல் போகும். 2020-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய நடமாடும் ரோபோ எட்டு நாளில் 688 சோதனைகளைச் செய்தது. அதைப் படித்தவர்கள் எல்லோரும் 688 என்ற எண்ணைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: ஒவ்வொரு கருவியிடமும் வந்து நின்றதும் அந்தக் கை முதலில் எதையாவது தொட்டுப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைச் சரிசெய்துகொள்ளும். இருட்டில் படுக்கையிலிருந்து எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி.

எத்தனை மூட்டு வேண்டும்

ஆறு மூட்டுக் கை என்றால் ஒரு மயக்கம் உண்டு. மனிதக் கை மாதிரி வளையும், திரும்பும், டெமோவில் பார்க்க அழகாக இருக்கும். எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்ததும் அப்படி ஒன்றுதான். ஐந்து கிலோ தூக்கும் என்றார்கள். நாங்கள் தூக்கப்போவது என்ன? 96 குழியுள்ள ஆழமான பிளேட் ஒன்றில் குழிக்கு 2 மி.லி. நிரப்பினாலும் மொத்தம் 192 மி.லி. பிளேட்டின் எடையையும் சேர்த்து முந்நூறு கிராமைத் தாண்டினால் ஆச்சரியம். தூக்கும் திறனில் ஒரு பகுதியை, கையின் நுனியில் பிளேட்டைப் பிடிக்கும் கிரிப்பரே தின்றுவிடும். அதனால் பார்க்க வேண்டிய எண், கிரிப்பரை மாட்டிய பிறகு, அதுவும் கையை முழுக்க நீட்டிய நிலையில், மிச்சம் எவ்வளவு என்பது. ஸ்பெக் ஷீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது அந்த எண் இல்லை.

திறந்த பிளேட் ஒன்றை எப்படி நகர்த்துவோம் என்று யோசித்துப் பாருங்கள். மட்டமாகத் தூக்குவோம், மட்டமாகக் கொண்டுபோவோம், மட்டமாக இறக்குவோம். சாய்த்தால் பக்கத்துக் குழிக்குள் போய்விடும். ஆக, எந்தச் சூழ்நிலையிலும் செய்யக்கூடாத ஒரு அசைவுக்காக இரண்டு மூட்டு கூடுதலாக வாங்கப் பார்த்தோம். ஸ்காரா என்று ஒரு வகைக் கை இருக்கிறது. ஜப்பானில் யமனாஷி பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மகினோ 1978-இல் முதல் மாதிரியைச் செய்தார். தொழிற்சாலையில் உறுப்புகளை மேலிருந்து கீழே செருகுவதற்காக யோசித்தது. பக்கவாட்டில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், மேலும் கீழும் விறைப்பாக நிற்கும். பிளேட்டை நெஸ்டில் வைப்பதும் அதே வேலைதான். ஓரம் லேசாக இடித்தால் அந்த இளக்கத்தில் நழுவி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் உயரமான தூண் ஒன்றைக் கொடுத்தால், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் பிளேட் அடுக்கில் அடித்தட்டு முதல் உச்சி வரை எட்டும். எத்தனையோ ஆய்வகங்களில் தினமும் பிளேட் நகர்த்துவது இந்த வகைக் கைதான். பெருமையாகப் படம் எடுத்துப் போட முடியாது, அவ்வளவுதான் குறை.

ஆறு மூட்டு தேவைப்படும் வேலைகளும் உண்டு, அதை மறுக்கவில்லை. குழாயின் மூடியைத் திருகித் திறக்க, செல் வளர்க்கும் குடுவையைச் சாய்த்து ஊற்ற, பக்கவாட்டில் கதவுள்ள கருவிக்குள் வளைந்து நுழைய அது வேண்டும். ஜப்பானில் மஹோலோ என்ற இரட்டைக் கை ரோபோவை வைத்துச் செல் வளர்ப்பு செய்கிறார்கள். திரவத்தை உறிஞ்சி அளந்து ஊற்ற மனிதன் பயன்படுத்தும் அதே பிப்பெட்டை, அதே குடுவையை அது பிடிக்கிறது. அங்கே பிளேட் நகர்த்தும் கையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு நேர் எதிர்முனையில் கையே தேவைப்படாத இடங்கள் இருக்கின்றன. மசஹிடே சசாகி 1980-களில் ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் இரத்தப் பரிசோதனைக் கருவிகளைக் கன்வேயர் பெல்ட்டால் இணைத்தார். இன்றைக்கும் பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் குழாய்கள் தண்டவாளம் மாதிரி ஒன்றில் ஓடுவதைப் பார்க்கலாம். ஒரே வகைக் குழாய், ஒரே வரிசைச் சோதனை, வருடக்கணக்கில் மாறாது என்றால் பெல்ட் போதும். எங்கள் வேலை மாதத்துக்கு ஒருமுறை மாறும். அதனால்தான் கை வேண்டியிருந்தது. இதைக்கூட நாங்கள் முதலில் எழுதி வைக்கவில்லை.

வண்ணத் தண்ணீர்

எந்த டெமோவுக்குப் போனாலும் நீலமோ சிவப்போ கலந்த தண்ணீர்தான் இருக்கும். தண்ணீர் ரொம்ப நல்ல பிள்ளை, உறிஞ்சினால் வரும், தள்ளினால் போகும். எங்கள் என்சைம்கள் கிளிசரால் கலவையில் இருப்பவை. சாதாரண வேகத்தில் உறிஞ்சினால் உறிஞ்சும் முனையான டிப்புக்குள் திரவம் ஏறி முடிப்பதற்குள் டிப் மேலே வந்துவிடும், பாதி காற்று. எத்தனால் அதற்கு நேர்மாறு. டிப்புக்குள்ளேயே ஆவியாகிக் காற்றைத் தள்ளும், போகும் வழியெல்லாம் சொட்டும். ஒவ்வொரு திரவத்துக்கும் உறிஞ்சும் வேகம், காத்திருக்கும் நேரம், நடுவில் விடும் காற்று, கடைசியில் ஊதித் தள்ளும் அளவு எல்லாவற்றையும் சேர்த்து லிக்விட் கிளாஸ் என்று சேமித்து வைப்பார்கள். அதைச் சரிசெய்வதில்தான் மாதங்கள் போகும். கை எவ்வளவு துல்லியம் என்று நாங்கள் சண்டை போட்ட நேரத்தில், உண்மையான பிழை டிப்பின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு எங்களிடம் கொஞ்சம் புத்தி இருந்தது. எங்கள் திரவத்தை நாங்களே எடுத்துக்கொண்டு போனோம். தராசில் எடை போட்டுப் பார்த்தோம். தண்ணீர் ஒரு மைக்ரோலிட்டர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். கிளிசரால் அதைவிட அடர்த்தி, அதற்கேற்பக் கணக்குப் போட வேண்டும். ஒரு நிறுவனத்தில் "மூடிய பாட்டிலில்தான் கொண்டு வந்தீர்களா, எங்கள் மேசை கறையாகிவிடாதே?" என்று கேட்டார்கள். எங்கள் திரவத்தைப் போட்டுக் காட்டத் தயங்கிய இரண்டு பேரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். இந்தத் தேர்வில் நாங்கள் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

ஒயரைப் பிடுங்கிய நாள்

முதலிடத்தில் இருந்த ஆறு மூட்டுக் கையின் டெமோ. கூடவே எங்கள் மூத்த டெக்னீஷியன் வந்திருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம், இருபது வருடத்துக்கு மேல் பிப்பெட் பிடித்த கை. அவரைத் தேர்வுக் குழுவில் சேர்க்கவில்லை என்பதை இப்போது சொல்லவே கூசுகிறது. வண்டியில் இடம் இருந்தது, கூட்டிப்போனோம், அவ்வளவுதான்.

டெமோ அருமையாகப் போனது. கை அடுக்கிலிருந்து பிளேட்டை எடுத்தது, மூடியைக் கழற்றியது, திரவம் போடும் கருவியில் வைத்தது, எடுத்து, குழிகளில் உள்ளதை அளந்து சொல்லும் ரீடரின் டிராயரில் வைத்தது. இசைக்கு ஆடுகிற மாதிரி நளினம். நாங்கள் தலையாட்டிக்கொண்டு நின்றோம். அக்கா மட்டும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, விற்பனைப் பொறியாளரிடம், "தம்பி, ஓடிட்டு இருக்கும்போது ஒயரைப் பிடுங்கட்டுமா?" என்றார். அவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார் போல. "இல்ல, நெஜமாத்தான் கேக்கறேன். கரண்டு போனா என்ன ஆகும்னு பாக்கணும்." அவர் தன் மேலாளரைப் பார்த்தார், மேலாளர் எங்களைப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால் வாங்க மாட்டார்கள், சரி என்று சொன்னால் என்ன ஆகுமோ. கடைசியில் சரி என்றார்கள். பிளேட்டைப் பிடித்த கை ரீடரின் டிராயருக்கு மேல் இறங்கும் நேரம் பார்த்து அக்கா பிடுங்கினார்.

கை அப்படியே நின்றது. ஒவ்வொரு மூட்டிலும் பிரேக் பிடித்து, பிளேட்டைக் கீழே விடாமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். எனக்குப் பெருமையாக இருந்தது, நானே அதைச் செய்த மாதிரி. பொறியாளருக்கும் உயிர் வந்தது. "பாத்தீங்களா மேடம்?" என்றார். அக்கா ஒயரைத் திரும்பச் செருகினார். ரீடருக்குக் கரண்டு வந்ததும், அந்த மாதிரிக் கருவிகள் பலவும் செய்வதைப் போல, தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள டிராயரை உள்ளே இழுத்தது. கிரிப்பரின் விரல்கள் இன்னும் டிராயரில் இருந்தன. ஒரு சத்தம் கேட்டது. பிளேட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ள, நீலத் தண்ணீர் ரீடருக்குள் இறங்கியது.

இதைவிட எனக்கு மறக்காதது அதற்கு அடுத்து நடந்தது. பொறியாளர் ரீடரை நிறுத்திவிட்டு மென்பொருளைத் திறந்தார். இந்தக் கைக்கு மூட்டுகளின் கோணம் கரண்டு போனாலும் மறக்காது. தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, நூறில் இரண்டு பங்கு மி.மீ. கணக்கில். ஆனால் திரையில் வந்த கேள்வி, "முதலிலிருந்து தொடங்கவா?" கையில் ஒரு பிளேட் இருக்கிறது, திரவம் போட்டு முடித்த இரண்டு பிளேட் வேறு நெஸ்டில் இருக்கிறது, மூடி ஒன்று தனியாக எங்கோ இருக்கிறது என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. தொடங்கு என்று அழுத்தினால், காலி என்று நினைத்து, பிளேட் இருக்கும் நெஸ்டில் இன்னொரு பிளேட்டைக் கொண்டு வந்து இறக்கும். பொறியாளர், "வழக்கமா இப்படி நடக்காது மேடம்" என்றார். "வழக்கமா நடக்காததுக்குத்தானே தம்பி ராத்திரி என்னைக் கூப்பிடுவாங்க" என்றார் அக்கா, கோபமே இல்லாமல்.

திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. நான் அந்தப் பதினாலு பத்தியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேகம், எட்டும் தூரம், எடை, சத்தம், கையின் நிறம்கூட ஒரு பத்தியில் இருந்தது. நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தி இல்லை. டெமோ என்பதே ஓடுவதைக் காட்டத்தான். ஓடுகிற நேரத்தில் நாங்கள் யாரும் அங்கே இருக்கப்போவதில்லை, நிற்கும்போதுதான் போய் நிற்போம்.

பிளேட்டோடு நடந்தது

அடுத்த இரண்டு நாள் ரோபோ எதையும் பார்க்கவில்லை. அக்கா வழக்கம்போல வேலை செய்தார், நான் ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமாகப் பின்னால் நடந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பிளேட்டை நெஸ்டில் வைத்ததும் ஒரு விரலால் மூலையை அழுத்துகிறார். ஏன் என்று கேட்டால், அப்படிச் செய்வதே தெரியாது என்கிறார். இன்குபேட்டரிலிருந்து வரும் பிளேட்டின் மூடிக்கு உள்பக்கம் ஈரம் கோத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். ஈரமான மூடி பிளேட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். ரோபோ மூடியைத் தூக்கினால் பிளேட்டும் சேர்ந்து தொங்கும். குழிக்குள் குமிழி இருந்தால் மேசையில் லேசாகத் தட்டுகிறார். ஒட்டிய ஃபிலிமின் ஓரம் எழும்பியிருந்தால் நகத்தால் தேய்க்கிறார். இன்குபேட்டருக்குள் பிளேட் குறுகிய பக்கம் முன்னால் போகிறது, ரீடருக்குள் நீண்ட பக்கம். அவர் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பிவிடுகிறார். கிரிப்பராக இருந்தால் நடுவில் ஒரு இடத்தில் வைத்துவிட்டு வேறு பக்கமாகப் பிடிக்க வேண்டும், அதற்கு மேசையில் ஒரு இடம் வேண்டும். நோட்டில் இருபத்து மூன்று விஷயம் சேர்ந்தது. ஒன்றுகூட எங்கள் புரோட்டோகாலில் எழுதப்படவில்லை.

அந்த இருபத்து மூன்றில் சிலவற்றுக்கு சென்சார் போதும். நெஸ்டில் பிளேட் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கலாம். சிலவற்றுக்குச் செய்முறையையே மாற்றினோம். மூடிக்குப் பதில் ஃபிலிம், குமிழிக்குப் பிளேட்டைச் சுழற்றும் சின்ன சென்ட்ரிஃபியூஜ். ஐந்தை மனிதர்களிடமே விட்டுவிட்டோம். அந்த ஐந்தும் இருக்கும் படிகளுக்கு ரோபோவே வேண்டாம் என்று முடிவு செய்தபோது, செய்ய நினைத்த வேலை பாதியாகக் குறைந்தது, மனசும் லேசானது. ஸ்டாப்வாட்ச்சும் ஒன்று சொன்னது. பிளேட்டைக் கொண்டுபோக அக்காவுக்கு ஆறு ஏழு நொடி. ரீடர் ஒரு பிளேட்டைப் படிக்க நாலு நிமிடம், இன்குபேட்டரில் அரை மணி நேரம். கை இரண்டு மடங்கு மெதுவாகப் போனாலும் மொத்த நேரத்தில் அது தெரியவே தெரியாது. வேகம் என்ற பத்தியும் போனது.

வேகம் போனதால் இன்னொரு நல்லதும் நடந்தது. ஆளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் என்று, கோபாட் எனப் பெயர் ஒட்டி விற்கும் ரோபோக் கைகள் ஆள் மேல் பட்டால் நின்றுவிடும். உடம்பின் எந்த இடத்தில் எவ்வளவு விசை வரை தாங்கும் என்று 2016-இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற ஆவணம் பட்டியல் போட்டிருக்கிறது. ஆனால் ரோபோக் கை மட்டும் மென்மையாக இருந்தால் போதாது. கை பிடித்திருப்பது ஊசியாகவோ, அமிலம் நிரப்பிய கண்ணாடிக் குப்பியாகவோ இருந்தால் எவ்வளவு மென்மையாகப் பட்டும் என்ன பயன்? மெதுவாகப் போகட்டும் என்று முடிவெடுத்துவிட்டால் இந்தக் கவலையில் பாதி குறையும்.

அப்புறம் எங்கள் பழைய ரீடர். அதை வெளியிலிருந்து இயக்க வழியே இல்லை, அதன் திரையில் மவுஸால் அழுத்தினால்தான் உண்டு. கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு சிலா 2 என்ற பொதுத் தரம் இருக்கிறது. ஆய்வகக் கருவிகளை இயக்க பைலேப்ரோபாட் மாதிரி திறந்த மூல மென்பொருளும் வந்துவிட்டது. எல்லாம் கருவி காது கொடுத்தால்தான். ரோபோ வாங்கக் கிளம்பி முதலில் வாங்கியது புது ரீடர்.

இதற்குப் பிறகு மூன்று நிறுவனங்களிடம் அக்காவின் கேள்வியை எழுத்திலேயே கேட்டோம்: நடுவில் கரண்டு போய்த் திரும்பி வந்தால் ஒவ்வொரு பிளேட்டும் எங்கே இருக்கிறது என்று உங்கள் மென்பொருளுக்குத் தெரியுமா, தெரியாவிட்டால் எங்களிடம் எப்படிக் கேட்கும்? ஒருவர் பிரசுரம் அனுப்பினார். இன்னொருவர் யுபிஎஸ் வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாமவர் ஒரு திரையின் படத்தை அனுப்பினார். அழகே இல்லாத பட்டியல்: நெஸ்ட் எண், பிளேட்டின் பார்கோடு, மூடி இருக்கிறதா இல்லையா, கடைசியாக முடிந்த படி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'சரி', 'இல்லை, மாற்று' என்று இரண்டு பட்டன். எல்லா வரியையும் சரிபார்க்கும் வரை எந்தக் கருவியும் அசையாது என்று கீழே ஒரு வரி. அது ஸ்காரா கை, எங்கள் பட்டியலில் கடைசி இடம், ரிப்பீட்டபிளிட்டி 0.1. அதைத்தான் வாங்கினோம். அங்கேயும் அக்கா ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார், மூன்று தடவை.

அது குறையில்லாத யந்திரம் என்று சொல்ல வரவில்லை. கிளிசராலுக்கு லிக்விட் கிளாஸ் சரியாக அமைய நாலு மாதம் ஆனது. முதல் வருடம் நின்று நின்று போனது. ஒருமுறை அதிகாலை மூன்றரை மணிக்கு நின்றது. காலையில் வந்த அக்கா திரையைப் பார்த்தார், ஏழாவது நெஸ்டில் மூடி இல்லை என்று இருந்தது. குனிந்து பார்த்தார், மூடி இருந்தது. அந்த ஒரு வரியை மாற்றினார், தொடர் என்று அழுத்தினார், கையைக் கழுவப் போய்விட்டார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

நண்பர் விடவில்லை. போன வாரம் திரும்பவும் கூப்பிட்டுப் பெயரைக் கேட்டார். சரி என்று பெயரைச் சொன்னேன். மறுநாள் அவர்கள் போட்டிருக்கும் பட்டியலை அனுப்பி வைத்தார், பதினேழு பத்தி, முதல் பத்தி ரிப்பீட்டபிளிட்டி. எதையும் திருத்தவில்லை. கீழே ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினேன்: கரண்டு போய் வந்தால் உங்கள் ரீடர் டிராயரை உள்ளே இழுக்குமா, இழுக்காதா? இதுவரை பதில் வரவில்லை. போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.